கடனாளி தடுமாறும்போது பங்கிலாபம் நிலைக்குமா?

கேள்வி: கனடாவில் பணிபுரியும் என் மகன், வணிகக் கட்டடங்களுக்குக் கடன் கொடுக்கும் அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளை வாங்கியிருக்கிறார். அவை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் பங்கிலாபம் தருகின்றனவாம். ஆனால் அங்கே அலுவலகக் கட்டட உரிமையாளர்கள் கடனைக் கட்டத் திணறுவதாகவும் அறிகிறோம். அந்தப் பங்கிலாபத்திலிருந்தே எங்கள் வீட்டுச் செலவுக்கு அனுப்ப நினைக்கிறார். இது சரியா?
- வாசகர், அட்டன்

பதில்: வீட்டுச் செலவை அந்தப் பங்கிலாபத்தில் மட்டும் தங்கியிருக்கச் செய்ய வேண்டாம் என்றே உங்கள் மகனிடம் சொல்லுங்கள். பங்கிலாபம் குறையும் என்று அஞ்சிச் சந்தை பங்கின் விலையை இறக்கும்போது, பழைய பங்கிலாபத்தைப் புதிய விலையால் வகுத்து வரும் விகிதம் தானாகவே உயர்ந்துவிடுகிறது. ஆகவே பத்து வீதம் என்பதை முதலில் ஓர் எச்சரிக்கையாகவே வாசிக்க வேண்டும்.

இந்நிறுவனங்கள் பெரும்பாலும் மிதக்கும் வட்டியில், அதாவது சந்தை வட்டியோடு ஏறி இறங்கும் வட்டியில், சில ஆண்டுத் தவணைக்குக் கடன் கொடுப்பவை. 2022 மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5.25–5.50 வீதத்தை எட்டியது; கடனாளிகளின் வட்டிச் சுமையும் அதோடு ஏறியது. கொவிட்டுக்குப் பின் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதால் அலுவலக வாடகையும் அதே காலத்தில் சுருங்கியது. வரிச் சலுகைக்காக வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 வீதத்தைப் பங்காளர்களுக்குக் கொடுத்துவிட வேண்டியிருப்பதால், நட்டத்தைத் தாங்கும் இருப்பும் இவற்றிடம் அதிகம் சேர்வதில்லை. 2024இல் இத்தகைய நிறுவனங்களில் ஒன்றான பிளாக்ஸ்டோன் மோர்ட்கேஜ் டிரஸ்ட் பங்கொன்றுக்கான தன் காலாண்டுப் பங்கிலாபத்தை 62 அமெரிக்கச் சதத்திலிருந்து 47 சதமாகவும், கேகேஆர் ரியல் எஸ்டேட் பினான்ஸ் 43 சதத்திலிருந்து 25 சதமாகவும் குறைத்தன. கடன்களோடு வேறு வருமான வழிகளையும் வைத்திருக்கும் ஸ்டார்வூட் பிராப்பர்ட்டி டிரஸ்டோ அதே ஆண்டிலும் தன் 48 சதத்தைக் குறைக்கவில்லை. எல்லா நிறுவனங்களையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது என்பதற்காகவே இதையும் சொல்கிறேன்.

காலாண்டு அறிக்கையில் நான் முதலில் தேடுவது, கட்டப்படாத வட்டியை அசலோடு சேர்த்துவிட்டு அதையே வருமானமாகக் காட்டும் தொகையைத்தான். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் நுவரெலியா விடுதிக்காரர்கள் பலர் பெற்ற கடன் சலுகைக் காலத்தை நீங்கள் அறிவீர்கள்; தவணை நின்றதே தவிரக் கடன் நிற்கவில்லை. அத்தகைய வட்டி ஏட்டில் இருக்கும், கையில் இராது. பங்கிலாபத்தையோ காசாகத்தான் கொடுக்க வேண்டும். அடுத்ததாக, வட்டி வராத கடன்களும் நட்டத்துக்கான ஒதுக்கீடும் காலாண்டுக்குக் காலாண்டு கூடுகின்றனவா, பங்கொன்றின் ஏட்டுப் பெறுமதி (சொத்திலிருந்து கடனைக் கழித்து ஒரு பங்குக்கு வரும் தொகை) தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை பங்கிலாபக் குறைப்புக்கு முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மாதந்தோறும் அனுப்புவது அவருடைய சம்பளத்திலிருந்தே வரட்டும். இப்பங்குகளில், பாதியாகக் குறைந்தாலும் குடும்பம் தடுமாறாத அளவு தொகையை மட்டும் வைத்திருக்கலாம்.