காலையில் நடந்தும் தொப்பை குறையவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலை 9.30 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு 7 மணி ஆகிவிடும். மாதக் கடைசியில் 9 மணிகூட ஆகும். உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. வாரத்தில் ஐந்து நாள் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். ஆனாலும் தொப்பை குறையவில்லை. ஆபீஸில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 108, எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.0, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 212, எச்.டி.எல் (நல்ல கொழுப்பு) 35, ரத்த அழுத்தம் 128/82. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், கிரேடு 1 என்று வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு வருடமாகக் கழுத்தும் இடுப்பும் வலிக்கின்றன. நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கலாமா? மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: இந்த அளவுகளை வைத்துப் பார்த்தால் மாத்திரைக்கு இன்னும் அவசரம் இல்லை. மேசைக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் காலை நடையில் பெரிய குறை இல்லை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. நீங்கள் 200 நிமிடம் நடக்கிறீர்கள். கை வைக்க வேண்டிய இடம் 9.30 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் உங்கள் எண்களைப் பார்த்துவிடுவோம். பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, 26.2 வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன். இடுப்புச் சுற்றளவை நீங்கள் எழுதவில்லை. பேண்ட் சைஸை வைத்து அதைக் கணக்கிடாதீர்கள். தொப்பை உள்ளவர்கள் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால் பேண்ட் சைஸ் வருடக்கணக்கில் மாறாமலே இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவு எடுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

பெரிய இடுப்பு, 150-க்கு மேல் டிரைகிளிசரைடு, ஆண்களுக்கு 40-க்குக் கீழ் எச்.டி.எல், 100-ஐத் தொட்ட வெறும் வயிற்றுச் சர்க்கரை, 130/85 அல்லது அதற்கு மேல் ரத்த அழுத்தம் என்ற ஐந்தில் மூன்று இருந்தாலே அது வளர்சிதை மாற்றக் கோளாறு. உங்களுக்கு டேப்பை எடுக்கும் முன்பே மூன்று வந்துவிட்டன. எச்.பி.ஏ.1.சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5-க்கு வந்தால் சர்க்கரை நோய். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம்தான். ஆக உங்களுக்கு நான்கு தனித்தனி நோய்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

நடந்தும் ஏன் இப்படி? சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொள்வது தசை, அதிலும் தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே சர்க்கரையை உள்ளே எடுக்கும். உட்கார்ந்துவிட்டால் இந்தப் பெரிய தசைகள் ஏறக்குறைய ஓய்வுக்குப் போய்விடுகின்றன. கொழுப்பை ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியும் அங்கே மந்தமாகிறது. டிரைகிளிசரைடு ஏறுவதற்கும் எச்.டி.எல் இறங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம். காலை 7 மணி நடையின் பலன் பிற்பகல் 2 மணிச் சோற்றை ஓரளவுதான் சமாளிக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களுக்கு, மாடிப் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட மாரடைப்பு அதிகம் என்று ஜெரமி மாரிஸ் குழு 1953-லேயே எழுதியது. 10 லட்சத்துக்கு மேற்பட்டோரின் தகவல்களைச் சேர்த்து 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வோ, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் இறப்பு அபாயத்தை ஈடுகட்ட 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு தேவைப்படுகிறது என்றது. அதுவும் தினமும். உங்களிடம் 40 இருக்கிறது. மீதியை ஆபீஸிலேயே எடுத்துவிடலாம்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடக்க வேண்டும். அலாரம் வைத்துக்கொண்டால் முதல் வாரத்துக்குப் பின் அதன் சத்தம் காதில் விழாது. அதனால் ஏற்கெனவே செய்கிற வேலைகளோடு இதை முடிச்சுப் போடுங்கள். போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். மேசையில் இரண்டு லிட்டர் பாட்டில் வேண்டாம். அரை லிட்டர் பாட்டில் வைத்து, தீரும்போதெல்லாம் நீங்களே போய் நிரப்புங்கள். பக்கத்து அறைக்கு மெயில் அனுப்பாமல் நேரில் போய்க் கேளுங்கள். கழிவறைக்கு வேறு மாடிக்குப் போங்கள், படியில். 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜி.எஸ்.டி. தாக்கல் நெருக்கும்போது இதெல்லாம் நடக்காது என்று தெரியும். அந்த நாட்களில் இருந்த இடத்திலேயே எழுந்து நின்று குதிகாலை 20 முறை தூக்கி இறக்கிவிட்டு உட்காருங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

இதில் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு அரை மணிக்குள் தொடங்கி 10 முதல் 15 நிமிடம், நிதானமான நடையே போதும். ரத்தச் சர்க்கரை உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். அந்த நேரத்தில் கால் தசை வேலை செய்தால் உச்சம் தாழ்கிறது, மூன்று மணித் தூக்கமும் குறைகிறது. வெளியே வெயில் என்றால் வராண்டா போதும். சாப்பிட்டதும் நடந்தால் செரிக்காது என்ற பயம் வேண்டாம், ஓடத்தான் கூடாது.

சாப்பாட்டு டப்பாவையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். நம் ஆபீஸ் டப்பாவில் முக்கால்வாசி சோறு, ஒரு மூலையில் பொரியல். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சேர்ந்து வந்தால் மொத்தமும் அரிசிதான். வெந்த சோறு ஒரு கப், காய் இரண்டு கப், புரதம் கட்டாயம் என்று வையுங்கள். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலிலும் ஏறக்குறைய அவ்வளவு உண்டு. மீன், கோழி என்றால் குழம்பாக இருக்கட்டும், வறுவல் வேண்டாம். காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை மெதுவாக ஏறும்.

டீயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். நான்கு டீக்கு 40 கிராம், 160 கலோரி. கூடவே பிஸ்கட், சில நாள் பப்ஸ். முதல் இரண்டு வாரம் பாதிச் சர்க்கரை, பிறகு சர்க்கரையே இல்லாமல், நாளுக்கு இரண்டு டீயோடு நிறுத்துங்கள். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். நாலு மணிப் பசிக்கு ஒரு கைப்பிடி வறுத்த கடலை, அல்லது ஒரு கொய்யாக்காய்.

காலை நடைக்கும் ஒரு சோதனை வையுங்கள். நடக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 100 வந்தால் மிதமான வேகம். உங்கள் வயதுக்கு 115, 120-க்குப் போகலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நண்பர்களோடு பேசிக்கொண்டே போகிறவர்கள் 80-ஐத் தாண்டுவது அபூர்வம். மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் சாதாரணம் என்று மாற்றி மாற்றி நடந்தால் அதே 40 நிமிடத்தில் பலன் கூடும். நடந்து முடித்ததும் கடையில் நிற்காதீர்கள். உங்கள் எடைக்கு 40 நிமிட வேக நடையில் செலவாவது சுமார் 150 முதல் 200 கலோரி. இரண்டு மெதுவடை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். தொப்பை அப்படியே இருப்பதற்குப் பலரிடம் இதுவே முழு விளக்கம்.

நடப்பவர்கள் அநேகமாக விட்டுவிடுவது தசைப் பயிற்சி. வாரம் இரண்டு நாள், 20 நிமிடம் போதும், ஜிம் வேண்டாம். கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 முறை, சுவரில் கை வைத்துத் தண்டால் 12, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி மூன்று விநாடி நிறுத்துவது 12, முழங்கையை ஊன்றிப் பலகை போல் கிடப்பது 20 விநாடி. இதை மூன்று சுற்று. 12 சுலபமாக வரத் தொடங்கியதும் முதுகுப் பையில் நான்கு கிலோ புத்தகத்தைப் போட்டு மாட்டிக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் தசை வளராது. தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். முதல் வாரம் தொடை வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் வலித்தால் மட்டும் நிறுத்துங்கள்.

இனி கழுத்தும் இடுப்பும். ஆபீஸ் மேசைகள் பொதுவாக 75 செ.மீ. உயரம். 168 செ.மீ. உயரமுள்ளவர் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தால் முழங்கை அதைவிடத் தாழ்வாகவே இருக்கும். கீபோர்டை எட்ட நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டி வருகிறது. மாலையில் பிடரி வலிக்காமல் என்ன செய்யும்? முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். கால் தொங்கினால் கீழே 500 தாள் கொண்ட ஏ4 கட்டு இரண்டை வையுங்கள், 10 செ.மீ. கிடைத்துவிடும். முதுகின் கீழ்ப்பகுதி சாய்மானத்தில் படிய வேண்டும். படியாவிட்டால் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கலாம். திரை ஒரு கை தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். லேப்டாப் என்றால் உயர்த்தி வைத்து, தனி கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போட வேண்டிய பொருள் இதுதான்.

உங்கள் வயதில் வெள்ளெழுத்து தொடங்கியிருக்கும். பைஃபோக்கல், புரொகிரெசிவ் கண்ணாடி போடுகிறவர்கள் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். அப்படியென்றால் திரையை நான்கைந்து செ.மீ. தாழ்த்துங்கள், அல்லது கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேளுங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸை வைத்தபடி உட்காரும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாய்வதோடு, பிட்டத்தில் போகும் சயாடிக் நரம்பும் அழுந்தும். ஆனால் எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் நான்கு மணி நேரம் ஒரே நிலையில் இருந்தால் வலிக்கத்தான் செய்யும்.

நின்றபடி வேலை செய்யும் மேசையை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் எளிது. உட்காருவதைவிட நிற்பதில் கூடுதலாகச் செலவாவது மணிக்கு ஏறக்குறைய 10 கலோரிதான். அசையாமல் நிற்பது கால் வலியையும் சுருள் சிரை நரம்பு வீக்கத்தையும் கொண்டுவரும். தேவை அசைவு, அதற்கு மேசை வேண்டாம்.

மாத்திரைக்கு வருவோம். சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்து 2006-ல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், உணவும் நடையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபம் தெரியவில்லை. அதனால் ஆறு மாதம் முயன்று பாருங்கள். இலக்கு 69 கிலோ. ஐந்து கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாகக் கரையத் தொடங்கும், டிரைகிளிசரைடும் இறங்கும். மது அருந்துபவர் என்றால் இந்த இரண்டுக்காகவும் அதை நிறுத்தியாக வேண்டும். இரவு ஏழு மணி நேரத் தூக்கமும் இதில் சேர்ந்தது; பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேகத்தைக் கூட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்தைவிட அதிக மூச்சுத் திணறல் இருந்தால் முதலில் இதயப் பரிசோதனை. உட்கார்ந்திருக்கும்போதே அப்படி வந்தால் உடனே 108. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டி இருக்கக்கூடும், அன்றே காட்டுங்கள். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுத்தாலோ காத்திருக்க வேண்டாம். சிறுநீர் தடைபட்டாலோ, தெரியாமல் போனாலோ, மலவாய்ப் பகுதியில் உணர்ச்சி குறைந்தாலோ அது அவசரச் சிகிச்சைக்குரியது.

எச்.பி.ஏ.1.சி கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்கு முன் மறுபடி எடுப்பது வீண் செலவு. மூன்றாம் மாத முடிவில் அதையும், 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து கொழுப்புப் பரிசோதனையையும் எடுங்கள். ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைபாடு இருந்தால் எச்.பி.ஏ.1.சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனையை ஒருமுறை பார்த்தால் போதும். இடுப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், அதே டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். எடை நகராத வாரங்களிலும் இடுப்பு குறையலாம். மூன்றாம் மாத எச்.பி.ஏ.1.சி 6.0-க்கு மேலே போயிருந்தால், ஆறு மாதம் முடியும்வரை காத்திருக்காமல் பழைய ரிப்போர்ட்டோடு ஒரு மருத்துவரை நேரில் பார்த்து மெட்ஃபார்மின் தேவையா என்று முடிவெடுங்கள்.