தரகர் போதுமா, வேறு யாரிடம் கேட்பது?

கேள்வி: கிளிநொச்சியில் வேலை செய்கிறேன். மாங்குளத்துக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே அரை ஏக்கர் காணி விலைக்கு வந்திருக்கிறது. பின்னுக்கு விலை ஏறும் என்று வாங்கிப் போட யோசிக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா பாதிக் காசு தருகிறார். தரகர் "எல்லாம் நான் பார்த்துத் தருவேன், வேறு ஒருவரும் தேவையில்லை" என்கிறார். அம்மாவோ அனுபவமுள்ள ஆட்களிடம் கேட்டுச் செய் என்கிறா. யாரிடம் கேட்பது?

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. தரகருக்கு அனுபவம் இருக்கலாம், நல்ல மனிதராகவும் இருக்கலாம், ஆனால் காணி கைமாறினால்தான் அவருக்குக் காசு. "இது வேண்டாம், விடு" என்று அவர் சொல்வாரா? நீங்கள் வாங்கினாலும் விட்டாலும் தன் கூலி கிடைக்கிற ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதும் சட்டத்தரணி, விற்பவர் கூட்டிவருகிறவர் அல்ல. வன்னிக் காணிப் பிரச்சினைகளில் பழகிய சட்டத்தரணியாகப் பாருங்கள். இது உறுதிக் காணியா (சொந்தமாக உறுதி எழுதிய காணி), பெர்மிற் காணியா (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி) என்பதை விலை பேச முதலே அவரிடம் கேளுங்கள். வன்னியில் ஏராளமான காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றங்களில் பெர்மிற்றில் கொடுபட்டது. அதைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கி முழுக் காசையும் கொடுத்துவிட்டு, காணி தன்னுடையது என்று வேலியும் போட்டு இருக்கிறவர்கள் உண்டு, அந்தத் தாளால் காணி அவர்களுக்குச் சொந்தமாகாது.

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தோம்பை, அதாவது அந்தக் காணியின் பதிவேட்டை, தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இடப்பெயர்வில் எத்தனையோ உறுதிகள் தொலைந்தன, சொந்தக்காரர் எங்கேயோ இருக்க இன்னொருவர் குடியிருக்கிறார், இப்படி எல்லாம் இங்கே நடந்திருக்கிறது. அற்றோணித் தத்துவத்தில், அதாவது சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தில் இன்னொருவர், விற்கிறார் என்றால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கட்டாயம் விசாரியுங்கள், அவர் இறந்திருந்தால் பொதுவாக அந்தத் தத்துவமும் அதோடு முடிந்துவிடும். விற்பவர் தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. தேசவழமைக்கு உட்பட்ட பங்குக் காணியாக இருந்தால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது.

அடுத்தது நில அளவையாளர். பழைய படத்தைக் கொண்டுபோய் எல்லைக் கல் தேடி அளக்கச் சொல்லுங்கள். குளத்துக்கோ வாய்க்காலுக்கோ ஒதுக்கிய நிலமோ, வனவளத் திணைக்களம் தன்னுடையது என்று சொல்லும் நிலமோ உள்ளே வருகிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். வயல் என்று பதிந்த நிலமா என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். அப்படியென்றால் நினைத்தபடி நிரவி வீடு கட்ட முடியாது.

அப்புறம் ஊர் ஆட்கள். தரகர் இல்லாமல் தனியாகப் போய், பக்கத்துக் காணியில் தோட்டம் செய்கிறவரோடு இருந்து கதையுங்கள். மாரியில் குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் எதுவரை வரும், ஆடி ஆவணியில் கிணறு வற்றுமா, யானை இறங்குமா, யாருடைய காணி என்று முன்பு சண்டை வந்ததா, இதெல்லாம் அவருக்குத் தெரியும். கிராம அலுவலரிடமும் கேளுங்கள். முடிந்தால் கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், கோடையில் காய்ந்து கிடக்கிற காணியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அண்ணாவின் விஷயம் தனி. அவர் கனடாப் பிரஜை மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயரில் இங்கே காணி எழுத முடியாது, இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் எழுதலாம். உங்கள் பெயரில் மட்டும் எழுதுவதானால் அவர் தரும் காசு கடனா, பங்கா, அன்பளிப்பா என்று இரண்டு பேரும் இப்போதே பேசி, அதே சட்டத்தரணியிடம் எழுதி வையுங்கள். தோம்பு பார்த்த முடிவு கையில் வரும்வரை தரகருக்கோ விற்பவருக்கோ அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், "வேறு ஆள் வாங்க நிற்கிறார்" என்று எத்தனை தரம் சொன்னாலும் சரி.