கொடைக்கானல் குடிநீர்: கேள்வி பதில்

ஆனந்தகிரியிலிருந்து ஒருவர்: ஐயா, கீழ்த்தெருவில் தண்ணீர் பீறிட்டு வருகிறது, மேட்டிலுள்ள எங்களுக்கு மட்டும் நூலாக வடிகிறது. என்ன காரணம்?

பதில்: தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்கும்தோறும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடுகிறது. 60 மீட்டர் சரிவுள்ள ஒரு வார்டில் கீழ்க்கோடிக் குழாய்கள் 6 கிலோ வரை அழுத்தம் தாங்க வேண்டியிருப்பதோடு, அங்குள்ளவர்கள் ஒரே நேரத்தில் பிடிக்கத் தொடங்கியதும் மேட்டுக் குழாய்களில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. உயரவாரியாகப் பகுதி பிரித்து, இடையிடையே அழுத்தம் தணிக்கும் தொட்டிகளைக் கட்டுவதே முறையான தீர்வு. அது இல்லாத இடத்தில், தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் கீழ்த்தெரு வால்வைச் சில சுற்றுகள் மட்டும் திறந்து, மேட்டுக்கு முதலில் முறை விட்டுச் சமாளிக்கிறார். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு அவர் மனத்தில் மட்டும் இருந்தால், அவர் ஓய்வுபெறும் நாளில் அதுவும் ஊரைவிட்டுப் போய்விடும். அதை எழுதி வைக்கும்படி உங்கள் வார்டு உறுப்பினரிடம் வற்புறுத்துங்கள்.

நாயுடுபுரத்திலிருந்து ஒருவர்: தண்ணீர் வருமுன் காற்று சீறுகிறது, மீட்டரும் சுற்றுகிறதே?

பதில்: முறை வைத்து விடும்போது, இடைநாட்களில் குழாயிலுள்ள நீர் பள்ளத்துக்கு வடிந்து, அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது. மேடான வளைவுகளில் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு இல்லாவிட்டால் அது வீட்டுக் குழாய் வழியாகத்தான் வெளியேறும். மீட்டர் காற்றுக்கும் சுற்றும். அவசரப்பட்டு மோட்டார் பொருத்தி உறிஞ்சாதீர்கள். அது விதிமீறல் என்பது ஒருபுறமிருக்க, கசியும் இணைப்புகள் வழியாகச் சாக்கடை நீரையும் உள்ளே இழுத்துவிடும்.

செண்பகனூரிலிருந்து ஒருவர்: ஏரி நிறைந்திருக்கும்போதே தட்டுப்பாடு ஏன்?

பதில்: 1863-இல் மதுரை கலெக்டர் வியர் லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஏரி, ஊரின் கழிவும் வந்து சேரும் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. குடிநீருக்கு உயரத்திலுள்ள அப்சர்வேட்டரி நீர்த்தேக்கங்களையும் குண்டாறு திட்டத்தையுமே நம்பியிருக்கிறோம். நம் மலைமேலுள்ள பேரிஜம் ஏரியோ அடிவாரத்துப் பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது; அதில் நாம் உரிமை கொண்டாடுவதை நான் ஏற்கமாட்டேன்.

அதே வாசகர்: குளோரின் வாடை அடித்தால் குடிக்கலாமா?

பதில்: இலேசான வாடை நல்லதே. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். குளோரின் அளவைப் பார்க்கும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பில் அந்த நீரை எடுத்து மருந்து சொட்டினால் மஞ்சள் நிறம் தெரியும். தெரியாவிட்டால் அன்றே நகராட்சிக்குத் தெரிவித்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.