மிஸ்வாக் குச்சியால் பல் துலக்கினால் ஈறு புண்ணாவது ஏன்?

பெரும்பாலும் குச்சி காய்ந்துபோயிருக்கும், இல்லையென்றால் குறுக்கே தேய்த்திருப்பீர்கள்.

அரபு நாடுகளிலும் ராஜஸ்தான், கட்ச் உவர்நிலங்களிலும் வளரும் உகா மரத்தின் வேரோ கிளையோதான் மிஸ்வாக். வேர்க்குச்சியையே வாங்குங்கள், நார் மிருதுவாக இருக்கும். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம் போதும். நுனியில் 1 செ.மீ. பட்டையைச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, நார் பிரியும்வரை மெல்லுங்கள். கடுகுபோலச் சுரீரென்று காரம் ஏறினால் குச்சி புதிது. அந்தக் காரம் பென்சைல் ஐசோதயோசயனேட்; கிருமிகளை அடக்குவதில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஊறவைப்பதை மணிக்கணக்கில் நீட்டினால் அது தண்ணீரோடு போய்விடும்.

ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி மட்டும் மெல்ல இழுங்கள். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு தேய்ந்து பல்வேர் வெளியே தெரியும். நைந்த நாரை தினமும் வெட்டிவிடுங்கள். கடைவாய்ப்பல்லின் உட்புறத்துக்கு நேர்குச்சி சரியாக எட்டாது, அங்கே பிரஷ்தான்.