வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத நிலையில் ஜீவனாம்சம் கேட்க வழி உண்டா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், வாரச் சம்பளம். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கணவர் எட்டு மாதமாக வேறு ஊரில் இருக்கிறார். வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்புவதில்லை. முன்பு ஒருமுறை அவர் அடித்ததில் என் கை எலும்பு முறிந்தது. அப்போது அரசு மருத்துவமனையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். நாங்கள் குடியிருக்கும் வீடு மாமியார் பெயரில் உள்ளது. இப்போது காலி செய்யச் சொல்கிறார்கள். குடும்ப அட்டையும் அவர்களிடம்தான் இருக்கிறது. நான் விசாரித்த வழக்கறிஞர் கேட்கும் முன்பணத்தை என்னால் கொடுக்க முடியாது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கிடைக்கும். அதற்கு வருமானச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12இல் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களைப் பட்டியலிடும்போது, பெண்களையும் குழந்தைகளையும் எந்த வருமான வரம்பும் இல்லாமல் சேர்த்திருக்கிறது. வேறு சிலருக்கு வருமான உச்சவரம்பு உண்டு, பெண்ணுக்கு இல்லை. ஆகவே, நீங்கள் சம்பாதிப்பது இந்த உதவிக்குத் தடையாகாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாங்கள் “அவ்வளவு ஏழை இல்லை” என்று எண்ணிக்கொண்டு, நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்த பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செல்ல வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம், அல்லது உங்கள் வட்டத்து நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழு. நேரில் செல்ல முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் அழைத்து விவரம் கேட்கலாம். மனு எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். வாய்மொழியாகச் சொன்னால் அங்குள்ள சட்டத் தன்னார்வலர்கள் எழுதிக்கொள்வார்கள். உங்கள் மனு மீது உடனடியாகவோ, அதிகம் போனால் 7 நாட்களுக்குள்ளாகவோ முடிவெடுக்க வேண்டும் என்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. மறுக்கப்பட்டால், ஆணைக்குழுவின் தலைவரான மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணை அனுப்பும் செலவு, மனு தயாரிப்பு, தீர்ப்பின் சான்றிட்ட நகல் அனைத்தும் இந்த உதவிக்குள் அடங்கும். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் எந்தத் தொகையையும் கேட்கவோ வாங்கவோ கூடாது. கேட்டாலோ, வாய்தாக்களுக்கு வராமல் இருந்தாலோ, அதை எழுதிக் கொடுத்து வேறு வழக்கறிஞரை நியமிக்கும்படி ஆணைக்குழுவிடம் கோரலாம்.

நான் முதலில் உங்களிடம் வேண்டுவது தாமதிக்காதீர்கள் என்பதுதான். உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், ஜீவனாம்சத்தை மனு தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொருந்தும்படி வகுத்தது. கணவர் பிரிந்து சென்ற நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு வரும் நாளிலிருந்தும் அல்ல. இதுவரை கழிந்த எட்டு மாதங்கள் அந்தக் கணக்கில் வராது. “ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கட்டும்” என்று இன்னும் ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதமும் வராது. மனு நிலுவையில் இருக்கும்போது பேசிச் சமரசம் செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லாததால், பேச்சுவார்த்தைக்காக மனுவை நிறுத்திவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தலாம். முதலாவது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125 என்று அறியப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144 ஆகிவிட்ட ஜீவனாம்ச மனு. குடும்ப நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கும், இல்லாத இடங்களில் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்திலும் இதைத் தாக்கல் செய்ய வேண்டும். கணவர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். முழு விசாரணை முடியும்வரை காத்திராமல் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டுத் தனி மனுவையும் உடன் கொடுங்கள்; எதிர்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இந்தக் காலவரம்பு பல இடங்களில் தவறுகிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி விரைவாக விசாரிக்கும்படி உங்கள் வழக்கறிஞர் கேட்க முடியும், கேட்கச் சொல்லுங்கள்.

“அவளே சம்பாதிக்கிறாள்” என்று கணவர் தரப்பு வாதிடும். மனைவிக்கு ஏதோ ஒரு வருமானம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த வருமானம் தன்னைப் பராமரித்துக்கொள்ளப் போதுமானதா என்பதே கேள்வி. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தையும் உங்கள் சம்பளத்தைக் காட்டி மறுக்க முடியாது. அது அவர்களுடைய தனி உரிமை. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் உங்கள் வாரச் சம்பளத்தை ஒளிக்காமல் எழுதுங்கள். வீட்டு வாடகை இல்லை என்றால் இல்லை என்றும், பள்ளிச் செலவு, மருந்துச் செலவு எவ்வளவு என்றும் ரசீதுகளோடு காட்டுங்கள். சிறு தொகையை மறைத்து மாட்டிக்கொண்டால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளின் மீதும் ஐயம் விழுந்துவிடும்.

இரண்டாவது வழி, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். உங்கள் சூழ்நிலையில் இதைத்தான் நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஏனெனில், வீட்டைக் குறித்த உங்கள் அச்சத்துக்கு விடை இதில் இருக்கிறது. பகிர்ந்து வாழ்ந்த வீட்டில், அதில் தனக்குச் சொத்துரிமை இல்லாவிட்டாலும், பெண் குடியிருக்கும் உரிமை உடையவள் என்று பிரிவு 17 கூறுகிறது. வீடு மாமனார் அல்லது மாமியார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக இருக்கக்கூடும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது சொத்தில் பங்கு தரும் உரிமை அல்ல. சட்ட நடைமுறையின்றி உங்களை வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு. ஆகவே, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இல்லாதவரை வீட்டை விட்டு வெளியேறாதீர்கள். ஆபத்து இருக்கிறது என்று உங்கள் மனம் சொன்னால் சட்டக் கணக்குப் பார்க்காமல் பிள்ளைகளோடு கிளம்பிவிடுங்கள். வெளியே வந்த பிறகும் குடியிருப்பு உத்தரவு கேட்கலாம், அதற்குப் பதிலாக மாற்று வீட்டுக்கான வாடகையும் கேட்கலாம்.

இந்தச் சட்டத்தின் கீழ் மனு கொடுக்க, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைச் சந்தியுங்கள். அவர் நீங்கள் சொல்வதைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். அவரைச் சந்திக்காமல் சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் நேரடியாக நடுவரிடமும் மனு கொடுக்கலாம். பாதுகாப்பு உத்தரவு, குடியிருப்பு உத்தரவு, பணப் பரிகாரம், பிள்ளைகளின் பொறுப்பு, இழப்பீடு, சீதனத்தையும் உங்கள் உடைமைகளையும் திருப்பித் தரும்படி உத்தரவு என அனைத்தையும் ஒரே மனுவில் கேட்க முடியும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இங்கே கிடைக்கும் தொகையையும் பிரிவு 144 மனுவில் கேட்கும் தொகையையும் நீதிமன்றம் ஒன்றோடொன்று ஈடு செய்யும் என்பதால், ஒரு மனுவைப் பற்றி மற்றொன்றில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

கை முறிந்த விஷயத்துக்கு வருகிறேன். அடித்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது, வழுக்கி விழுந்ததாகச் சொல்வதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. அதற்காக வருந்த வேண்டாம். அந்த மருத்துவமனைச் சீட்டு வீணாகிவிடவும் இல்லை: எந்த நாளில், எந்த எலும்பு, எந்த அளவில் முறிந்தது என்பதற்கு அது இன்றும் சான்று. வெளிநோயாளி சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு எது கையில் இருந்தாலும் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் தேதியைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து நகல் கேளுங்கள். அன்று ஏன் உண்மையைச் சொல்ல முடியவில்லை என்பதை மனுவில் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதச் செய்யுங்கள். சம்பவம் நடந்து நாளாகிவிட்டதே என்ற கவலையும் வேண்டாம்: குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 12 மனுவுக்கு ஓராண்டுக் காலவரம்பு பொருந்தாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இனி அப்படி நேர்ந்தால், அரசு மருத்துவமனையில் அடித்தவர் யார், எதைக் கொண்டு அடித்தார் என்பதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று நம் ஊரில் சொல்லும் அந்த ஒரு தாள் நீதிமன்றத்தில் பல சாட்சிகளுக்குச் சமமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு 112, ஆலோசனைக்கும் உதவிக்கும் 181. மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல், சட்டம், மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கான ஏற்பாடுகளோடு சில நாட்கள் பிள்ளைகளுடன் தங்கவும் இடம் உண்டு. உறக்கமின்மை, படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமை போன்றவை இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். வழக்கு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, கேட்டு வாங்குங்கள். அங்கே இரு தரப்பையும் அழைத்துப் பேசி எழுதி வாங்குவது வழக்கம். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். குறிப்பாக, “இருவரும் மனம் ஒத்துப் பிரிந்து வாழ்கிறோம்” என்ற வரி சாதாரணமாகத் தெரியும். ஆனால் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று பிரிவு 144இன் உட்பிரிவு (4) சொல்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பின்னர் உங்கள் மனுவையே எதிர்ப்பார்கள். “கணவர் பராமரிக்க மறுத்ததால் தனியே இருக்கிறேன்” என்பதே உண்மை; அதைத்தான் எழுத வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வதிலும் இதே கவனம் தேவை, ஏனென்றால் அங்கு பிறப்பிக்கப்படும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது.

குடும்ப அட்டை விஷயத்தில் அவசரப்பட்டுப் பெயரை நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அந்த முகவரியில் உங்கள் பெயர் இருப்பது, அது நீங்கள் பகிர்ந்து வாழ்ந்த வீடு என்பதற்கான எளிய சான்று. முதலில் நகலைப் பெற்று வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, பிறகு மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் குடும்ப அட்டை தேவை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அந்த அட்டையில் உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருக்கின்றனவா என்று ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் சரிபாருங்கள். கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்தை இப்போதைக்கு நம்பியிருக்க முடியாது; அதற்கு ஐந்து ஆண்டுகளாகக் கைவிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தின் பிரிவினைச் சான்று வேண்டும்.

அலுவலகத்துக்குச் செல்லும்போது ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு இல்லையென்றால் அழைப்பிதழும் புகைப்படமும், மருத்துவச் சீட்டுகள், கணவர் வேலை செய்யும் இடத்தின் முகவரி, அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எல்லாம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். இருப்பதைக் கொண்டு மனுவைத் தாக்கல் செய்துவிட்டு மற்றவற்றைப் பின்னர் சேர்க்கலாம்.

உத்தரவு கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பலர் தவறவிடுவது இதைத்தான். கணவர் பணம் செலுத்தாவிட்டால் நிலுவையை வசூலிக்க, தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும். அதன் பிறகு பிரிவு 144இன் கீழ் அந்த மாதத்துக்கான தொகைக்கு வாரண்ட் கேட்க முடியாது. வாரண்ட் பிறப்பித்தும் செலுத்தாமல் இருந்தால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். எனவே ஒரு நோட்டில் மாதத்தையும், வர வேண்டிய தொகையையும், வந்த தொகையையும் எழுதி வாருங்கள்; மூன்று மாதம் வராவிட்டால் நான்காவது மாதத்துக்குக் காத்திராமல் அந்த நோட்டோடு உங்கள் சட்ட உதவி வழக்கறிஞரைப் பாருங்கள். நிலுவை வசூல் மனுவுக்கும் கட்டணம் ஏதும் இல்லை.