வியட்நாமில் கிராமத்து வீட்டில் இருந்து சமைத்து, கைவேலை செய்து பார்க்கும் சுற்றுலா நன்றாக இருக்குமா?

கேள்வி இது: "வியட்நாமில் கிராமத்தில் தங்கி, அவர்களோடு சமைத்து, பாய் நெய்து, பானை வனைந்து பார்க்கும் சுற்றுலாக்களைப் பற்றிப் படித்தேன். வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? இல்லை, எல்லாம் பயணிகளுக்காகப் போடுகிற நாடகமா?"

தாராளமாகப் போகலாம். நான் என் உம்மாவோடுதான் போய்வந்தேன். உம்மாவுக்கு 64 வயது. ஊர் பத்தமடை. 30 வருஷத்துக்கு மேல் கோரைப்பாய் நெய்தவர். மேகாங் படுகையில் டின் யென் என்று ஒரு பாய் ஊர் இருப்பதாகப் படித்துவிட்டு, அதற்காகவே ஹனோய், ஹா லோங் எல்லாவற்றையும் விட்டுத் தெற்கே மட்டும் ஒன்பது நாள் சுற்றினோம். அதனால் என் பதில் தெற்கு வியட்நாமைப் பற்றியது மட்டும்தான்.

முதலில் சரிவராததைச் சொல்லிவிடுகிறேன். சைகோனில் (இப்போதைய ஹோ சி மின் நகரம்) இறங்கிய மறுநாளே ஒருநாள் பேக்கேஜ் ஒன்றில் மீ தோ, பென் த்ரே பக்கம் போனோம். படகு, தேன் கலந்த தேநீர், தேங்காய் மிட்டாய்க் கொட்டகை, நான்கு பாட்டு, துடுப்புப் படகு, சாப்பாடு. எங்கேயும் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. தேங்காய் மிட்டாய் நல்ல வேலை. தேங்காய்ப்பாலையும் மால்ட்டையும் கெட்டியாகும்வரை கிண்டி, அச்சில் ஊற்றி, ஆறியதும் துண்டு போட்டு, வாயில் கரைகிற அரிசித்தாளில் சுற்றுகிறார்கள். உம்மா அந்தத் துடுப்புக் கரண்டியைக் கேட்டு வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றினார். அதற்குள் வழிகாட்டிப் பையன் கைதட்டி அடுத்த இடத்துக்குக் கூப்பிட்டுவிட்டான். பாடியவர்களும் நல்ல பாடகர்கள். அவர்கள் பாடுகிற டோன் கா தாய் து என்ற இசையை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதையும் பாதியில் விட்டு எழுந்தோம். ராத்திரி உம்மா சொன்னார்: "வேல செய்யிறவங்க கையப் பாக்கவே விடலியேம்மா."

அதன்பிறகு எந்தப் பேக்கேஜும் எடுக்கவில்லை. சா டெக் என்ற ஆற்றங்கரை ஊருக்கு பஸ் ஏறினோம். சைகோனிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அங்கே ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கி, வீட்டு அம்மாவிடம் "பாய் நெய்கிற ஊருக்குப் போகவேண்டும், பார்க்க இல்லை, நெய்ய" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டினேன். அவர் உம்மாவின் விரல்களைப் பார்த்தார். உடனே யாருக்கோ போன் போட்டார். அடுத்த மூன்று நாளும் காலை ஆறரைக்கு ஒரு கார் வந்தது.

டின் யென் ஹாவ் ஆற்றங்கரையில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே பாய்தான் தொழில். 2013இல் வியட்நாம் அரசு அந்த நெசவைத் தேசிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. ஊருக்குள் நுழையும்போதே சாலையோரம் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று சாயம் போட்ட கோரையை விசிறிபோல விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். நம் கோரையின் இனம்தான். தெற்கில் அதை லாக் என்கிறார்கள். இப்போது அது அதிகமும் வின் லோங், த்ரா வின் பக்கமிருந்து வருகிறது. உம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கோரைத் தாளை எடுத்து நகத்தால் கீறி, மோந்து பார்த்தார். "நம்ம கோரையவிடத் தடி. ஆனா நல்லாக் காய வச்சிருக்காங்க."

இப்போது அந்த ஊரில் பெரும்பாலும் எந்திரத் தறிதான் ஓடுகிறது. சத்தம் தெருவரைக்கும் கேட்கும். எந்திரம் வைத்த வீட்டில் நாம் செய்ய ஒன்றுமில்லை. கைத்தறி வீடு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். எங்களை அழைத்துப்போன வீட்டில் அக்காவும் தங்கையும் நெய்துகொண்டிருந்தார்கள். தறி தரையோடு கிடக்கிறது. பாவு நூல் நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும். ஒருவர் அச்சுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பாயின்மேலேயே உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீளமான மெல்லிய குச்சியின் நுனியில் கோரைத் தாளை மாட்டிப் பாவுக்குள் ஒரே இழுப்பில் செலுத்துவார். குச்சி வெளியே வந்ததும் அச்சுக் கட்டை ஒரு தட்டு. கட்டையைப் பின்பக்கம் சாய்த்தால் ஒரு வரிசை நூல் மேலே, முன்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசை மேலே. செலுத்து, தட்டு, சாய். பேச்சும் சிரிப்பும் அதன் நடுவிலேயே நடக்கும். எந்த நிறத் தாள் எத்தனையாவதாகப் போகவேண்டும் என்று வாய்விட்டு எண்ணி நான் பார்க்கவில்லை. கையே எண்ணிக்கொள்கிறது.

எனக்குக் குச்சி கொடுத்தார்கள். முதல் தாள் பாதியில் மடங்கியது, இரண்டாவது பாவு நூலில் சிக்கியது. மூத்தவர் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துச் சற்றுத் தாழ்த்தினார். அதற்குப் பிறகு போனது. ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் நெய்திருப்போம். அதில் நான் தளர விட்ட இடங்களைத் தங்கை அவிழ்த்துத் திரும்பப் போட்டார். விற்கிற பாய் அது, அவிழ்த்துத்தான் ஆகவேண்டும். நீங்கள் போகிற இடம் சரியானதுதானா என்பதற்கு நான் வைக்கிற அளவுகோல் இதுதான். தப்பாகச் செய்தால் திருத்துகிறார்களா, இல்லை, "சூப்பர்" என்று சொல்லிப் போட்டோ எடுத்துவிடுகிறார்களா? திருத்துகிற வீட்டில் வேலை உயிரோடு இருக்கிறது.

உம்மா பத்தமடையில் தனியாக நெய்து பழகியவர். ஜோடியாக நெய்வது அவருக்குப் புதிது. இருந்தாலும் அச்சுப் பக்கம் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் இழுப்பும் தட்டும் ஒத்துப்போய்விட்டன. மதியத்துக்குள் ஓரம் மடிக்கிற விதத்தைப் பற்றி உம்மாவும் மூத்தவரும் சண்டைபோல வாதாடினார்கள். இவர் தமிழில், அவர் வியட்நாமியத்தில். செயலியை நீட்டினேன், இருவரும் கையால் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் நாள் இரண்டு விதமும் அந்தத் தறியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அழைக்கிற முறையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்வதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வியட்நாமியத்தில் "நான், நீ" என்பதற்குப் பெரும்பாலும் உறவுப் பெயரையே சொல்கிறார்கள். சி என்றால் அக்கா, எம் என்றால் இளையவர், சூ என்றால் சித்தப்பா, பாக் என்றால் பெரியப்பா அல்லது பெரியம்மா. அதனால்தான் பார்த்ததும் வயதைக் கேட்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். தெற்கில் இன்னொரு வழக்கம் உண்டு. பிள்ளைகளை எண்ணால் கூப்பிடுவார்கள், ஆனால் தலைப்பிள்ளையே "இரண்டு"தான். எங்கள் மூத்த நெசவாளரை எல்லோரும் "நாம்" என்றார்கள். ஐந்து என்று அர்த்தம். வீட்டுக்கு நான்காவது பெண்ணாம். நான் அவரை "யீ நாம்", அதாவது ஐந்தாம் சின்னம்மா என்று கூப்பிட்டேன். முதல் தடவை கூப்பிட்டபோது தறியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அந்த ஊருக்குப் பேர்வாங்கித் தந்தது அதன் ராத்திரிச் சந்தை. பேய்ச் சந்தை என்று பெயர். பகலெல்லாம் நெய்வார்கள், பாய் வாங்குகிற வியாபாரிகள் படகில் ஆற்றின் நீரோட்டம் பார்த்து எந்நேரமும் வருவார்கள். அதனால் இருட்டில் விளக்கு வைத்துச் சந்தை கூடியது. வாங்குகிறவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார், விற்கிறவர்கள் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தேடி நடப்பார்கள். இன்று அந்தச் சந்தை இல்லை. அதை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி சில நாட்களில் நடக்கிறது, ஊர்க்காரர்களே நடிக்கிறார்கள். கேள்வி கேட்டவர் "நாடகமா" என்று கேட்டாரே, இது நாடகம்தான். இருந்தாலும் தங்கள் தாய் தகப்பன் செய்ததைத் தாங்களே செய்து காட்டுகிறார்கள், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பகலில் தறி வீட்டில் இருந்துவிட்டு அதைப் பார்த்தால்தான் பொருள் புரியும்.

இனி சாப்பாடு. சா டெக் அரிசி மாவுக்குப் பேர்போன ஊர். நொய்யரிசியை ஊறவைத்து அரைத்து, தெளியவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி வெள்ளை வெளேரென்று எடுக்கிறார்கள். கழிவு பன்றிகளுக்குத் தீவனம். இந்த மாவில் செய்கிற ஹூ தியூ என்ற அரிசி நூடுல்ஸை நாங்களும் செய்தோம். கொதிக்கிற பானையின் வாயில் இழுத்துக் கட்டிய துணி, அதன்மேல் ஒரு கரண்டி மாவு. தோசைக்குப் போலக் கரண்டியின் அடியால் வட்டமாகத் தேய்க்கவேண்டும், ஆனால் அழுத்தக்கூடாது. மூடி வைத்தால் ஒரு நிமிஷத்துக்குள் வெந்துவிடும். மூங்கில் உருளையால் சுருட்டி எடுத்து மூங்கில் தட்டியில் விரித்து வெயிலில் வைக்கிறார்கள். காய்ந்ததும் தட்டியின் பின்னல் அதில் அப்படியே பதிந்திருக்கும். அடுப்புக்கு உமிதான் எரிபொருள். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் ஒரு கையால் உமியைத் தள்ளிக்கொண்டே மறுகையால் மாவைத் தேய்த்தார். நான் தேய்த்தவற்றில் பாதி கிழிந்தது. கிழிந்ததை நறுக்கி, வெங்காயத்தாள் எண்ணெய் விட்டு அங்கேயே சாப்பிடக் கொடுத்தார்கள்.

நாங்கள் பன்றி சாப்பிடமாட்டோம், அங்கே குழம்பு, சூப் எல்லாவற்றிலும் அதன் எலும்பு இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கஷ்டம், கூடவே மீன் சாறு. "அன் சாய்" என்று சொல்லுங்கள். புத்தமதச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், மீன் சாறும் சேர்க்கமாட்டார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல வீடுகளில் சைவம், அன்று எங்கே போனாலும் கிடைக்கும். முன்கூட்டிச் சொன்னால் வீட்டில் தனிச் சட்டியில் சமைத்துத் தருகிறார்கள். நாங்கள் போன அக்டோபரில் வயல்கள் ஏரிபோல நிறைந்திருந்தன. அந்தப் பருவத்தில் மஞ்சளாக ஒரு பூவைப் படகில் போய்ப் பறித்து வந்து புளிப்புச் சூப்பில் போடுவார்கள். பார்த்தால் நம் சிற்றகத்திப் பூ. உம்மாவுக்கு அதை எண்ணெயில் வதக்கித் தரச் சொன்னேன், மூன்று வேளை கேட்டுச் சாப்பிட்டார்.

கடைசி இரண்டு நாள் சாவ் டோக் போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாவ் ஃபோங்கில் சாம் என்ற சிறுபான்மை இன முஸ்லிம்களின் ஊரில் இருந்தோம். தூண்களின்மேல் நிற்கும் மர வீடுகள், ஆண்கள் சாரம் கட்டியிருந்தார்கள். சாரமும் சால்வையும் நெய்கிற தறிகள் இன்னும் சில இருக்கின்றன. அங்கே வேலை செய்து பார்க்க அதிகம் வாய்க்கவில்லை. ஆனால் நெய்ச்சோறுபோல ஒரு சோறும், தேங்காய்ப்பாலில் வற்றவைத்த மாட்டுக்கறியும் சாப்பிட்டோம். ஒன்பது நாளில் எதையும் விசாரிக்காமல் உம்மா சாப்பிட்டது அங்கேதான். சைகோனில் இருக்கும்போது தோங் யூ தெருப் பள்ளிவாசலுக்கும் போகலாம். 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது.

வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் கவனிக்கவேண்டியவை: தறி வேலை முழுக்கத் தரையில், முட்டி வலி இருந்தால் ஒரு மணி நேரம் போதும். படகில் ஏறி இறங்கும் பலகைகள் ஒடுக்கம். மழைநாளில் கோரை காயாது, அப்போது தறியும் சில வீடுகளில் ஓய்ந்திருக்கும். நெசவுக்காகவே போகிறீர்கள் என்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்லது. டெட் என்கிற சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் எல்லா வீட்டிலும் புதுப்பாய் வாங்குவார்கள், ஊர் முழுக்க வேலை நடக்கும். ஆனால் அப்போது உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தர அவர்களுக்கு நேரமிருக்காது. இந்தியர்களுக்கு இ-விசா உண்டு, ஒருமுறை நுழைய 25 டாலர். 2025 ஜூலையில் 63 மாகாணங்களை 34ஆகச் சுருக்கிவிட்டதால் பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இருக்கும் மாகாணப் பெயர்கள் சில மாறியிருக்கும். ஊர்ப் பெயரை வைத்தே தேடுங்கள்.

பணத்தை முன்னாலேயே பேசிவிடுங்கள். யீ நாம் வீட்டில் நாளுக்கு எவ்வளவு என்று கேட்டபோது வேண்டாம் என்றார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு அன்றைக்குப் பாய் குறையும். ஆகவே ஹோம்ஸ்டே அம்மாவைக் கேட்டு, இரண்டு பேரின் நாள் கூலியைக் கணக்குப் போட்டு ஒரு கவரில் வைத்து அவரையே கொடுக்கச் சொன்னேன். அதுபோக இரண்டு பாய் கேட்டோம். ஒன்றை வாங்கிச் சுருட்டிப் பழைய புடவையில் சுற்றி விமானத்தில் போட்டோம், ஒரு சேதமும் இல்லாமல் வந்தது. மற்றது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஓரம் இரண்டு விதமாக மடித்த அந்தப் பாயை விலைக்குத் தரமாட்டேன் என்று யீ நாம் சொல்லிவிட்டார்.