அம்மாவுக்கு 56 வயது, முழங்கால் வலி. உகாண்டாவில் மலைக் கொரில்லா பார்க்க அழைத்துப் போகலாமா? எப்படித் தயாராவது?

தாராளமாக அழைத்துப் போங்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்காமல் நீங்களாகவே பயப்படுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் வீட்டிலும் அப்படித்தான். 2023 ஜூலையில் நான் மலைக் கொரில்லா பார்க்க உகாண்டாவின் ப்விண்டி காட்டுக்குப் போனபோது எனக்கு 54 வயது, இடது முழங்காலில் தேய்மானம். "இந்த வயசில் உனக்கு எதுக்கு இது?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மூட்டு மருத்துவர் வேண்டாம் என்றால் அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். நான் மருத்துவர் இல்லை, என் முழங்காலின் கதையைத்தான் சொல்கிறேன்.

மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை ஏறி இறங்கினேன். மூச்சு பழகியது. ஆனால் ப்விண்டியில் பல இடங்களில் பாதையே கிடையாது. முன்னால் போகிறவர் கொடிகளை வெட்டி வழி விடுவார். காலுக்குக் கீழே மண் தெரியாது, ஈரத் தழை மேல்தான் நடை. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலை வாட்டும், அதனால் அம்மாவை இறங்கிப் பழகச் சொல்லுங்கள். முழங்கால் வலியைக் காலையிலேயே வனக் காவலர்களிடம் சொன்னால், பக்கத்தில் இருக்கும் கொரில்லாக் கூட்டத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள். அரிக்கும் செடிகளுக்குத் தோட்டக் கையுறை, எறும்புக்குப் பேண்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்வது, இவ்வளவுதான். அப்புறம், போர்ட்டர் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். 20 டாலர் கொடுத்தேன். பையைத் தூக்கி வந்த அந்த ஊர்ப் பெண் சறுக்கலான இடங்களில் என் கையைப் பிடித்த பிடியை இன்னும் மறக்கவில்லை. அதில் பேரம் பேசாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டாக வேண்டும். நான் கிண்டி கிங் நிலையத்தில் போட்டேன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவிலும் தனிமைப்படுத்துவார்கள். கொரில்லா பார்க்கும் பர்மிட் இப்போது வெளிநாட்டவருக்கு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500. காட்டின் எந்தப் பகுதிக்குப் பர்மிட் என்று பார்த்துவிட்டு அறை போடுங்கள். எங்கள் ஏஜென்ட் ருஷாகாவுக்குப் பர்மிட் எடுத்துவிட்டு, காட்டின் இன்னொரு கோடியில் புஹோமாவில் அறை போட்டிருந்தார். விடியும் முன்பே மலைச்சாலையில் கிளம்ப வேண்டியதாயிற்று.

இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

கம்பாலாவில் வேலை பார்க்கும் என் தம்பியும் கூட வந்தான். முதல் நாள் இரவு அவனுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. காலையில் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, "சொல்லிடாதே அக்கா" என்றான். காவலர் எல்லோரையும் நிற்கவைத்து, சளி, இருமல், காய்ச்சல் யாருக்காவது உண்டா என்று கேட்டார். தம்பி தலையாட்டி இல்லை என்றான். நான் உண்டு என்று சொல்லிவிட்டேன்.

அவன் வண்டியிலேயே இருந்தான். கம்பாலா திரும்பும் வரை என்னோடு பேசவில்லை. இன்றும் சொல்லிக்காட்டுவான். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று வீட்டில் பெயர். இதைப் படிக்கும் சிலருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நமக்கு மூக்கடைப்போடு போகிற சளி, கொரில்லாவுக்கு நிமோனியாவாகிக் கொன்றுவிடக்கூடியது. 1996-ல் ப்விண்டியில் மனிதர்களிடமிருந்து சிரங்கு தொற்றி ஒரு குட்டி செத்தே போனது. அப்போது மற்றவற்றுக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிக்குசோகா, காட்டோரக் கிராமத்து மக்களின் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்க்க ஓர் அமைப்பையே தொடங்கினார். 2019-ல் வந்த கணக்கின்படி உலகத்தில் மலைக் கொரில்லா 1,063. மிருகக்காட்சி சாலையில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியென்றால் போகாமல் இருக்க வேண்டியதுதானே என்பார்கள். காவலர் சம்பளத்துக்கும், ஊருக்குப் போகும் பங்குக்கும் அந்தப் பர்மிட் பணம்தான் ஆதாரம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. கல்யாணத்துக்கு நான்கு நாள் என்றால் கேள்வி கேட்காமல் விடுப்புத் தரும் என் அலுவலகம், இதற்கு ஒரு வாரம் கேட்டபோது மூன்று முறை விளக்கக் கடிதம் வாங்கியது. கணவரோடு போகிறீர்களா என்றும் ஒரு கேள்வி. முப்பது வருடம் வேலை பார்த்தவளிடம்.

அன்று இரண்டரை மணி நேர நடைக்குப் பிறகு கொரில்லாக்களைப் பார்த்தோம். ஒரு தாய், தண்டை வாயில் வைத்துக் கரும்புத் தோல் உரிப்பது போல உரித்துத் தின்றுகொண்டிருந்தது. விரல் நகங்கள் கறுப்பு, வடிவம் அப்படியே நம்முடையது. வியர்வையும் ஈரத்தழையும் கலந்த நெடி. காவலர் தொண்டையைக் கனைத்து உறுமலாக ஒரு குரல் கொடுத்தார், நாங்கள் வந்திருக்கிறோம் என்று தெரிவிக்க. பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் குட்டிக்கு விதி தெரியாது. நேராக என்னை நோக்கி வந்தது. முகக்கவசத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். தம்பி இங்கே நின்று தும்மியிருந்தால் என்ற நினைப்பில் கை நடுங்கிவிட்டது.

ஒரு மணி நேரம்தான் அனுமதி, முடிந்ததும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள்.

அம்மா நன்றாக நடப்பார், கவலைப்படாதீர்கள். முதல் நாள் இரவு இரண்டு பேரில் ஒருவருக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் டிக்கெட் எடுக்கும் முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் பேசவில்லை.